முழுமையாக இயங்காத எக்ஸ்பான்ஷன் பேக்: பணத்தைத் திருப்பித் தரக் கோரும் புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர் (வீட்டு ஸ்டுடியோ), திருச்சிராப்பள்ளி.

பெறுநர்:
குறைதீர் அலுவலர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: பிரஷ் டிரம்ஸ் எக்ஸ்பான்ஷன் பேக் அடிப்படைப் பதிப்பில் முழுமையாக இயங்காது என்பதைத் தெரிவிக்காமல் விற்றது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் இணையக் கடையில் கணினியில் டிரம்ஸ் ஒலிகளை வாசிக்க உதவும் விர்ச்சுவல் டிரம்ஸ் மென்பொருளின் அடிப்படைப் பதிப்பையும், அதில் சேர்த்துப் பயன்படுத்துவதற்கான பிரஷ் டிரம்ஸ் எக்ஸ்பான்ஷன் பேக்கையும் (குச்சிக்குப் பதில் தூரிகை போன்ற பிரஷ்ஷால் வாசித்துப் பதிவான கூடுதல் ஒலித்தொகுப்பு) கடந்த மாதம் வாங்கினேன். மென்பொருளைப் பற்றி எனக்குக் குறை ஏதுமில்லை. கொடுத்த விலைக்கு அது நன்றாகவே உழைக்கிறது. என் புகார் அந்தப் பேக்கைப் பற்றியது மட்டுமே.

குரலை முன்னிறுத்தும் மெல்லிய பாடல்களுக்கு வீட்டிலேயே இசைக்கோவை செய்து வருகிறேன். குச்சியால் அடித்துப் பதிவான டிரம்ஸ் அவற்றில் குரலை அமுக்கிவிடுவதால்தான் பிரஷ் பேக்கைத் தேடி வந்தேன். கிக் (காலால் இயக்கும் பெரிய டிரம்), ஸ்நேர் டிரம்மின் மேல்புறம், கீழ்ப்புறம், ஓவர்ஹெட் (டிரம்ஸுக்கு மேலே உள்ளது), ரூம் (அறையின் ஒலியைப் பிடிப்பது) என ஒவ்வொரு மைக்கின் ஒலியையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கலாம் என்றும், எலக்ட்ரானிக் டிரம்ஸின் ஹை-ஹாட் பெடலுக்கு (இரட்டைத் தாளத்தட்டைக் காலால் திறந்து மூடும் மிதி) அந்தப் பேக் முழுமையாக இணங்கும் என்றும் உங்கள் விற்பனைப் பக்கம் கூறுகிறது. எந்தப் பதிப்பில் என்று ஒரு வரிகூட அங்கே இல்லை.

என்னிடமுள்ள பதிப்பில் எல்லா மைக்குகளும் ஏற்கெனவே கலக்கப்பட்ட ஒரே ஸ்டீரியோ ஒலியாக வருகின்றன. பிரஷ் வாசிப்பின் அழகே ஸ்நேர் தோலில் வட்டமாகத் தேய்க்கும் அந்தச் சன்னமான ஓசைதான். கிக்கின் அளவைத் தொடாமல் அதை மட்டும் சற்று முன்னே கொண்டுவர முடியாதென்றால் இந்தப் பேக்கை வாங்குவதற்குக் காரணமே இல்லை. இசைக்கருவிகள் கணினிக்குத் தகவல் அனுப்பும் முறையான மிடியில், ஓர் அடி எவ்வளவு பலமானது என்பதைக் காட்டும் வேகம் 1 முதல் 127 வரை பதிவாகிறது. பிரஷ் வாசிப்போ பெரும்பாலும் அதன் கீழ்ப்பாதியில்தான் நடக்கிறது. அங்கேதான் அடிப்படைப் பதிப்பில் ஒலிப்பதிவுகள் மிகக் குறைவாக உள்ளதால், அடுத்தடுத்து வரும் மென்மையான அடிகள் அச்சில் வார்த்தவை போல ஒரே மாதிரி ஒலிக்கின்றன. பெடல் எவ்வளவு மிதிபட்டிருக்கிறது என்பதை என் எலக்ட்ரானிக் டிரம்ஸ், கன்ட்ரோலர் 4 என்ற மிடி தகவல் வழியாகத் தொடர்ந்து அனுப்பினாலும், மூடிய ஹை-ஹாட், திறந்த ஹை-ஹாட் என்ற இரண்டு ஒலிகளே கிடைக்கின்றன. பாதி திறந்த நிலைக்கு ஒலியே இல்லை.

இவற்றையெல்லாம் நான் முன்கூட்டியே அறிய வழியிருந்ததா? வாங்குவதற்கு முன், அடிப்படைப் பதிப்பில் இந்தப் பேக் இயங்குமா என்று மின்னஞ்சலில் கேட்டேன். இயங்கும் என்று மட்டும் பதில் வந்தது. நான் நம்பி வாங்கிய டெமோ ஒலிகள் அனைத்தும் அதே மென்பொருளின் விலை கூடிய உயர்பதிப்பில் உருவாக்கப்பட்டவை என்பதைப் பணம் கட்டிய பிறகு உங்கள் சேவைப் பிரிவே எழுதித் தெரிவித்தது. இரு மின்னஞ்சல்களையும் ரசீதையும் இணைத்துள்ளேன்.

பேக்குகளைப் பதிப்புவாரியாகப் பிரித்து விற்பதை நான் குறை கூறவில்லை. டிரம்ஸ் மென்பொருள் தயாரிக்கும் டூன்ட்ராக் நிறுவனத்தின் இ.இசட்.எக்ஸ் பேக்குகள் ஈஸிடிரம்மர் என்ற எளிய மென்பொருள், சுப்பீரியர் டிரம்மர் என்ற உயர்நிலை மென்பொருள் இரண்டிலும் இயங்கும், எஸ்.டி.எக்ஸ் பேக்குகள் ஈஸிடிரம்மரில் இயங்கா. இந்தப் பிரிவு பேக்கின் பெயரிலேயே தெரிந்துவிடுவதால் வாங்குபவர் ஏமாறுவதில்லை. உங்கள் கடையில் அந்தத் தெளிவுதான் இல்லை.

லைசென்ஸ் ஆக்டிவேட் செய்யப்பட்டுவிட்டதால் பணம் திருப்பித் தரப்படாது என்பது உங்கள் பதில். ஆக்டிவேட் செய்யாமல் பேக்கைத் திறக்கவே முடியாது. திறக்காமல் குறையை எவரும் காண முடியாது. எனவே இந்த நிபந்தனையை என்னால் ஏற்க இயலவில்லை. பேக்கின் முழு விலையையும் திருப்பித் தருமாறு, அல்லது இரு பதிப்புகளுக்குமான விலை வித்தியாசத்தை நீங்களே ஏற்று உயர்பதிப்பை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். விற்பனைப் பக்கத்தில் பதிப்பு வேறுபாடுகளையும், டெமோ எந்தப் பதிப்பில் உருவானது என்பதையும் குறிப்பிட வேண்டும்.

2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, இந்தப் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்திற்குள் உறுதிசெய்து, ஒரு மாதத்திற்குள் தீர்வு காண வேண்டியது தங்கள் பொறுப்பு. அதற்குள் தீர்வு கிடைக்காவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நான் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்