இரண்டு ஆள் வேலை

ஏப்ரல் 2014

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். அங்கு நீங்கள் இருவரும் நலமா?

ஷாங்க்ஸ்வில்லில் மரம் நடப் போவதாக அம்மாவிடம் சொன்னாயாம். அமெரிக்காவில், 2001 செப்டம்பர் 11 அன்று கடத்தப்பட்ட ஃபிளைட் 93 விமானம் விழுந்து, பயணிகளும் ஊழியர்களுமாக 40 பேர் இறந்த இடம். அவர்களுக்காக 40 தோப்பு, தோப்புக்கு 40 மரம். அவற்றுக்குக் காற்றுத் தடுப்பாகத்தான் 2012 முதல் தன்னார்வலர்கள் காடு வளர்க்கிறார்கள். வனத்துறைக்காரன் பெண் வேறெங்கே போவாள்! ஆனாலும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அது பழைய நிலக்கரிச் சுரங்க மண். மூடும்போது அரிப்புக்குப் பயந்து புல்டோசரால் இறுக்கிப் புல் விதைத்துவிடுவார்கள். அதில் வேர் இறங்காது. அதனால்தான் மூன்று நான்கு அடி ஆழம் கீறிவிட்டு நடுகிறார்கள். கீறலை ஒட்டிய பொலபொல மண்ணில் நடு. பிளந்த பள்ளத்திலேயே வைத்தால், மழைக்கு மண் அமரும்போது கன்றும் சேர்ந்து இறங்கிவிடும்.

தருவது வேரில் மண்ணில்லாத கன்று. சில நிமிஷம் வெயிலும் காற்றும் பட்டாலே மெல்லிய வேர் செத்துப்போகும். ஈரப் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடு. வேர் குழியில் நேராகத் தொங்க வேண்டும். நுனி மேலே மடங்கினால் குழியை ஆழமாக்கு, வேரை மடக்கித் திணிக்காதே. அப்படி வைத்தது சில வருடம் பச்சையாக நின்றுவிட்டு அப்புறம் சாயும். தண்டும் வேரும் சேருமிடம் தரை மட்டத்தில் இருக்கட்டும். பாரையைச் சற்றுத் தள்ளிக் குத்தி, மண்ணை வேர்ப் பக்கம் நெம்பு. மேலே மட்டும் மிதித்தால் அடியில் காற்று நின்றுவிடும். நுனியை இரண்டு விரலால் மெல்ல இழுத்துப் பார். கையோடு வந்தால் திரும்ப நடு.

இது இரண்டு ஆள் வேலை. ஒருவர் பாரை போட, ஒருவர் கன்று வைக்கணும். மாப்பிள்ளையும் வருகிறார்தானே? பொங்கலுக்கு அனுப்பிய போட்டோவில் அவரைக் காணோம் என்று அம்மா கேட்டாள். தனியாளாக இருந்தால் பாரையைப் போட்டுவிட்டுக் கன்றை எடுப்பதற்குள் வேர் காயும், அதற்காகத்தான் கேட்கிறேன். அங்கேயே யாரையாவது சேர்த்துக்கொள்ளலாம், தப்பில்லை. வேர் மட்டும் காயக் கூடாது.

ஓக் கன்றுக்கு மான் கடிக்காமலிருக்க உறை மாட்டச் சொன்னால், அடியை மண்ணில் நன்றாக அழுத்து. இடைவெளி இருந்தால் எலி புகுந்து பட்டையைக் கொறிக்கும். ஏப்ரலிலும் அந்த மேட்டில் பனி விழும். கெட்டியான பூட்ஸ் போட்டுக்கொள், கல் மண்.

லீவுக்கு டிக்கெட் போடும்போது ஒன்றா இரண்டா என்று முன்கூட்டியே சொல். மாடி அறையை ஒழிக்கணும்.

அப்பா