அவசரப்படுத்தாமல் கூட நின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

விசுவமடுப் பக்கத்தில் என்னைத் தெரிந்தவர்களுக்கு இப்போது இரண்டு விசயம் தெரியும். ரீச்சருக்கு லூப்பஸ் என்றொரு வருத்தம். ரீச்சர் உடம்பைக் குறைக்க வயிற்றில் ஒப்பரேசன் செய்ய யோசிக்கிறா. இரண்டும் உண்மைதான். முதலாவதோடு பல வருடமாக வாழ்கிறேன். இரண்டாவதை இன்னும் செய்யவில்லை. செய்வதா, எதைச் செய்வது, எப்போது செய்வது என்று ஆராய்ந்துகொண்டிருக்கிறேன்.

எல்லாம் முடிந்த பிறகு நன்றி சொல்வதுதான் வழக்கம். ஆனால் எனக்குக் கிடைத்த பெரிய உதவி இந்த யோசிக்கும் காலத்தில்தான் கிடைத்தது. செய் என்று யாரும் என்னைத் தள்ளவில்லை, வேண்டாம் என்று யாரும் கையைப் பிடித்து இழுக்கவும் இல்லை. அதனால் இப்போதே எழுதுகிறேன்.

இந்த வருத்தம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லவேண்டும். உடம்பைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்குவதுதான் லூப்பஸ். வருபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். எனக்கு மூட்டு நோவில் தொடங்கி, கன்னம் இரண்டிலும் சிவந்து, கடைசியில் சிறுநீரகத்தில் போய் நின்றது. சிறுநீரகத்தைக் காப்பாற்றப் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசையைக் கூடிய அளவில் தந்தார்கள். காப்பாற்றியும் விட்டது. அதே குளிசைதான் இரவு பகலாகப் பசியைக் கிளப்பி, முகத்தை ஊதவைத்து, நிறையையும் ஏற்றியது. நடந்தால் குறையும் என்பார்கள். வெயில் பட்டால் லூப்பஸ் கிளம்பும், வன்னியில் வெயில் இல்லாத நேரம் எங்கே இருக்கிறது? விடியப்புறத்தில் நடக்கலாம் என்றால் அந்த நேரத்தில்தான் மூட்டுகள் விறைத்துப்போய் இருக்கும். ஓரிடத்தில் மற்ற நோயாளிகளுக்கும் கேட்கும்படி, 'வாயைக் கட்டினால் எல்லாம் சரியாகும்' என்றார்கள். அன்று வீட்டுக்கு வந்து அழுதேன். அவர்களைப் பற்றி இதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

முதல் நன்றி யாழ்ப்பாணத்தில் என்னைப் பார்க்கும் வாதநோய் வைத்தியருக்கு. இரைப்பையைச் சிறிதாக்கும் ஒப்பரேசனைப் பற்றிக் கேட்கலாமா என்று பயந்து பயந்துதான் கேட்டேன். வெளியில் வரிசை நீண்டிருந்தது. அவர் பேனையை மூடி வைத்துவிட்டு, "சரி, கதிரையை இழுத்துவிட்டு இருங்கோ, இது நின்றபடி கதைக்கிற விசயம் இல்லை" என்றார். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். வருத்தம் குறைந்தது 6 மாதமாவது அடங்கி இருக்கவேண்டும், சிறுநீரில் புரதம் போகக்கூடாது. பிரெட்னிசலோனை நாளுக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழே கொண்டுவர முடியுமா என்று முதலில் பார்க்கவேண்டும், ஏனென்றால் ஸ்டீரொயிட் கூடினால் காயம் ஆறப் பிந்தும், கிருமி தொற்றவும் இடமுண்டு. அதற்காக அதைத் திடீரென்று நிறுத்தவும் முடியாது. பல காலம் குளிசை எடுத்த உடம்பு, அதற்கு ஈடான ஓமோனைத் தானாகச் சுரப்பதை மறந்திருக்கும். ஒப்பரேசன் நாளில் ஊசியாகக் கொடுக்கவேண்டும், பிறகு வாந்தியெடுத்துக் குளிசை தங்காவிட்டாலும் ஊசிதான். இதெல்லாம் எனக்கு அதுவரை யாரும் சொல்லாதவை.

இரத்தம் கட்டியாகும் ஆபத்தையும் அவர்தான் பார்க்கச் சொன்னார். லூப்பஸ் உள்ள சிலருக்கு அன்டிபொஸ்போலிப்பிட் என்ற பிறபொருளெதிரிகள் இருக்கும். அவை இருந்தால் காலிலோ நுரையீரலிலோ இரத்தம் கட்டிபட வாய்ப்புக் கூட. உடம்பு பெருத்தவர்களுக்கு வயிற்றில் ஒப்பரேசன் செய்யும்போது அந்த ஆபத்து ஏற்கெனவே இருக்கிறது. எனக்கு முதல் பரிசோதனையில் ஒன்று கூடுதலாகக் காட்டியது. 12 வாரம் கழித்துத் திரும்பப் பார்க்காமல் ஒரு முடிவுக்கும் வரக்கூடாது என்று சொல்லி, அந்த இடைவெளியில் நான் பதறாமல் இருக்க, கிளினிக் மிஸியிடம் என் பெயரைச் சொல்லி வைத்தார். மிஸி, நீங்கள் ஒவ்வொரு தடவையும் என் கொப்பியை மேலே எடுத்து வைத்துவிட்டு, 'இரத்தம் எடுத்தாச்சுதோ' என்று கேட்பீர்கள். திரும்பப் பார்த்ததில் ஒன்றும் இல்லை என்று வந்தபோது என்னிலும் கூடச் சந்தோசப்பட்டது நீங்கள்.

அடுத்தது கொழும்பில் என்னைப் பார்த்த சத்திரசிகிச்சை நிபுணருக்கு. அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் போதாது. மட்டக்களப்பைச் சேர்ந்த இளம் வைத்தியர் ஒருவர் தன் வேலையை விட்டுவிட்டு வந்து நடுவில் இருந்து மொழிபெயர்த்தார். எதையும் சுருக்காமல், நான் கேட்டதைக் கேட்டபடியே கேட்டார். தம்பி, அது உங்கள் கடமையில் இல்லாத வேலை. உங்களுக்கு என் வணக்கம்.

அந்த நிபுணர் இரண்டு முறையையும் கீறிக் காட்டினார். ஸ்லீவ் என்றால் இரைப்பையில் கிட்டத்தட்ட 75 முதல் 80 வீதத்தை வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம் போல ஒரு குழாயை மட்டும் விடுவது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஓமோன் கூடுதலாகச் சுரக்கும் பகுதியும் அதோடு போய்விடும். பைபாஸ் என்றால் 30 மில்லிலீற்றர் அளவில் ஒரு சிறு பையைப் பிரித்து நேராகச் சிறுகுடலில் பொருத்துவது. பைபாஸில் அந்தப் பொருத்தில் புண் வரலாம். டைக்குளோபெனக் மாதிரி நோவுக் குளிசைகளும் ஸ்டீரொயிட்டும் அந்தப் புண்ணை வரவழைக்கக்கூடியவை. மூட்டு நோவோடு வாழும் ஒருத்திக்கு அது சின்ன விசயமா? பைபாஸுக்குப் பிறகு சிலருக்குச் சிறுநீரகக் கல்லும் வரும், எனக்கோ பழுது பார்த்த சிறுநீரகம். ஆகவே செய்வதென்றால் ஸ்லீவ்தான் தன் எண்ணம் என்றார். எதைச் செய்தாலும் பி12, இரும்பு, கல்சியம், விற்றமின் டி ஆகியவற்றைச் சாகும்வரை எடுக்கவேண்டும் என்பதையும் முகத்துக்கு நேரே சொன்னார். வெயிலுக்கு ஒளிந்து வாழும் எங்களுக்கு விற்றமின் டி முன்பே குறைவு, ஸ்டீரொயிட் எலும்பையும் அரித்திருக்கும். இந்தக் கதையை யாரும் இலேசாக எடுக்கவேண்டாம் என்பதற்காகத்தான் இங்கே எழுதுகிறேன்.

நிறைக் கணக்கைப் பற்றியும் கேட்டேன். முன்பு, 1991இல் அமெரிக்காவில் வகுத்த அளவுப்படி, உயரத்துக்கேற்ற நிறையைக் காட்டும் உடற்திணிவுச் சுட்டி (BMI) 40 இருக்கவேண்டும், வேறு வருத்தங்கள் இருந்தால் 35. 2022இல் சத்திரசிகிச்சை நிபுணர்களின் அமெரிக்கச் சங்கமும் சர்வதேசக் கூட்டமைப்பும் அதைக் குறைத்து, ஆசிய உடம்புக்கு 27.5க்கு மேலேயே யோசிக்கலாம் என்றன. என் கணக்கு இடம் கொடுக்கிறது. கணக்கு மட்டும் இடம் கொடுத்தால் போதாது என்று சொன்ன நேர்மைக்காகவும் அந்த வைத்தியருக்கு நன்றி.

பரிசோதிக்கும்போது அவர் என் வயிற்றில் இருக்கும் நீளத் தழும்பைப் பார்த்தார். 2009 தொடக்கத்தில் ஷெல் துண்டு பட்ட காயம். புதுமாத்தளனில் பள்ளிக்கூடத்துக்குள் இயங்கிய வைத்தியசாலையில் இரத்தத்தை நிறுத்தி, செஞ்சிலுவைச் சங்கக் கப்பலில் திருகோணமலைக்கு ஏற்றிவிட்டார்கள். அங்கேதான் வயிற்றைத் திறந்தார்கள். என்ன வெட்டினார்கள், எதைத் தைத்தார்கள் என்று எழுதிய துண்டு என்னிடம் இல்லை. அப்படி ஒரு துண்டை முகாமில் காப்பாற்றி வைக்க எங்களில் எத்தனை பேரால் முடிந்தது? முன்பு திறந்த வயிற்றில் குடல் உள்ளுக்குள் ஒட்டியிருக்கும், துளை வழியாகச் செய்வது கடினமாகலாம், அதனால் ஸ்கான் எடுத்துப் பார்ப்போம் என்றார். எப்படிப் பட்டது, யார் அடித்தது என்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தழும்பின் மேல் கையை வைத்து, நல்லாகத் தைத்திருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னார். மருந்தும் வெளிச்சமும் இல்லாத இடத்தில் என்னை உயிரோடு கப்பல்வரை கொண்டுபோன வைத்தியர்களுக்கும் தாதிமாருக்கும் தொண்டர்களுக்கும் இத்தனை வருடம் நான் ஒரு வரி எழுதியதில்லை. உங்களில் யார் யார் இருக்கிறீர்கள் என்றும் தெரியாது. இந்த வயிற்றைப் பற்றி இன்று யோசிக்க முடிகிறதென்றால் அதற்கு நீங்கள்தான் காரணம்.

அம்மா, உங்களுக்கு எழுதுவதுதான் கஷ்டமாக இருக்கிறது. நான் கப்பல் ஏறிய பிறகு நீங்களும் தம்பியும் முள்ளிவாய்க்காலில் அரிசியும் தண்ணியும் உப்புமாய்க் காய்ச்சிய கஞ்சிக்கு வரிசையில் நின்றீர்கள். தம்பி பசியில் அழுததை நீங்கள் கதைப்பதில்லை, ஆனால் அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒருவரும் அரை வயிற்றோடு எழும்ப நீங்கள் விட்டதில்லை. அப்படிப்பட்ட உங்களிடம் வந்து, பிள்ளையின் இரைப்பையை வெட்டிச் சிறிதாக்கப் போகிறார்கள், இனி ஒரு சின்னக் கிண்ணச் சோறுதான் இறங்கும் என்று சொன்னேன். நீங்கள் சத்தம் போடுவீர்கள் என்று நினைத்தேன். ஒன்றும் சொல்லாமல் குசினிக்குள் போனீர்கள். அடுத்த நாளிலிருந்து என் கோப்பையில் சோறு குறைந்தது, முருங்கையிலையும் மீனும் கூடின. பிரெட்னிசலோனுக்காக உப்பையும் குறைத்தீர்கள். "பிள்ளை, இவ்வளவு போதுமோ" என்று ஒரே ஒரு தடவை கேட்டீர்கள். போதும் என்றேன். அந்தக் கேள்வியை அதற்குப் பிறகு அடக்கி வைத்திருக்கிறீர்களே, அது உங்களுக்கு எவ்வளவு பெரிய வேலை என்று எனக்குத் தெரியும் அம்மா.

மாமிக்கும் நன்றி. எங்களுக்கு இன்னும் பிள்ளை இல்லை. ஒப்பரேசன் செய்தால் 12 முதல் 18 மாதம் கர்ப்பம் தரிக்கக்கூடாது. நான் சிறுநீரகத்துக்கு எடுக்கும் மைக்கோபெனலேட்டும் கருவைப் பாதிக்கும், அதை மாற்றி 6 வாரமாவது போகவேண்டும். எது முதலில் என்ற கணக்கு எங்கள் இருவருக்கும் இரவில் நித்திரை விடாத கணக்கு. ஊரில் வந்து கேட்டவர்களுக்கு, 'அது அவையள் முடிவெடுக்கிற விசயம்' என்று மாமி வாசலிலேயே பதில் சொல்லி அனுப்பினா. என் கணவரோ ஒவ்வொரு கிளினிக்குக்கும் கூட வந்து, நான் மறக்கும் கேள்விகளைக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்து எடுத்துத் தந்தார்.

கனடாவில் இருக்கும் மச்சாளுக்கு: தனியாரில் உடனே செய்வதற்குச் சிநேகிதிகளிடமும் சேர்த்து நீங்கள் காசு அனுப்பினீர்கள். வருத்தம் அடங்கும்வரை பொறுக்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது உங்களுக்கு மனம் நோகும் என்று பயந்தேன். 'வங்கியில் கிடக்கட்டும், எப்ப எடுத்தாலும் அது உன்ர காசு, எடுக்காவிட்டாலும் பரவாயில்லை' என்றீர்கள். உதவி செய்துவிட்டு அதன் கயிற்றைக் கையில் வைத்திருக்காத மனிதர்கள் குறைவு மச்சாள்.

வவுனியாவில் ஸ்லீவ் செய்துகொண்ட அக்கா, உங்களுக்கு லூப்பஸ் இல்லை, என்னை முன்பின் தெரியவும் தெரியாது. ஆனாலும் வீட்டுக்குக் கூப்பிட்டுத் தேத்தண்ணி தந்து எல்லாவற்றையும் சொன்னீர்கள். முதல் வாரங்களில் ஒவ்வொரு மிடறாகத்தான் தண்ணீர் குடிக்க முடியும் என்பதை, சில மாதம் கழித்துத் தலைமயிர் கொட்டியதை, விருந்து வீட்டில் சாப்பிடாமல் இருந்தால் கோபிப்பார்களே என்ற அந்தரத்தை. எங்கள் வெக்கையில் தண்ணீர் குறைந்தால் என் சிறுநீரகம் தாங்குமா என்று வைத்தியரிடம் கேட்கவேண்டும் என்பது உங்கள் வீட்டுத் திண்ணையில்தான் எனக்கு உறைத்தது.

எங்கள் அதிபர் காலைப் பிரார்த்தனையில் என்னை வெயிலில் நிற்கவிடாமல் விறாந்தையில் நிற்கச் சொன்னார், விளையாட்டுப் போட்டி வந்தால் கூடாரத்துக்குள் புள்ளி எழுதும் வேலையைத் தருவார். பாடங்களை மாற்றி எடுத்த சக ஆசிரியர்களுக்கும், விடியக் காலையில் பரந்தன் சந்திவரை கொண்டுவந்து யாழ்ப்பாண பஸ்ஸில் ஏற்றிவிடும் ஓட்டோ அண்ணைக்கும் அன்பு. மருந்துக்கடைத் தம்பிக்கு இரண்டு நன்றி. 2020இல் கொரோனாவுக்கு நல்லது என்று உலகமே, லூப்பஸுக்கு நான் எடுக்கும் ஐதரொக்சிகுளோரோகுயினை அள்ளியபோது எனக்கென்று ஒதுக்கி வைத்தீர்கள். பிறகு கொழுப்பைக் கரைக்கும் பவுடர் கேட்டு வந்தபோது, 'அக்கா, உங்கட சிறுநீரகத்துக்கு இதை நான் தரமாட்டன்' என்று விற்க மறுத்தீர்கள்.

இப்போது நிலை இதுதான். சிறுநீர்ப் புரதம் குறைந்துகொண்டு வருகிறது, பிரெட்னிசலோனும் மெல்ல இறங்குகிறது. தவணை விடுமுறையில் இரத்தமும் சிறுநீரும் திரும்பப் பார்த்து, இரண்டு வைத்தியரும் கதைத்துச் சொல்வார்கள். வன்னியில் லூப்பஸோடு இருக்கும் யாராவது இதே யோசனையில் இருந்தால், என்னைத் தேடி வாருங்கள், கொப்பியின் பின்பக்கக் கேள்விகள் முழுவதையும் பார்த்து எழுதிக்கொண்டு போகலாம். முடிவு எதுவானாலும், இந்த மடலில் இருக்கும் எல்லோருக்கும் நானே நேரில் வந்து சொல்வேன்.

அன்புடனும் நன்றியுடனும்,
உங்கள் ரீச்சர்