பத்திரம் பத்திரம்

அன்புள்ள அப்பாவுக்கு,

குமார் எழுதிக்கொண்டது. நான் நலம். அம்மா, செல்வி, பெரியத்தை எல்லோரும் நலமா?

உங்கள் கடிதம் தீபாவளி கழிந்து வந்தது. இப்போது மாசி பிறந்துவிட்டது. போனில் பேசுகிறோமே என்று சாக்குச் சொல்லலாம். ஆனால் அம்மா 'சாப்டியா' என்று கேட்டு முடிப்பதற்குள் எனக்கு இங்கே விடிந்துவிடுகிறது. நீங்கள் எழுத்தில் கேட்ட கேள்விக்கு எழுத்தில் பதில் சொல்லாவிட்டால் முட்டி போட வைத்துவிடுவீர்கள்.

இங்கே அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்துக் குளிர் இந்த வருஷம் கொஞ்சம் கடுமை. தோசை மாவு இரண்டு நாளானாலும் பொங்குவதில்லை. ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு ராத்திரி முழுக்க உள்ளே வைக்கிறேன். மாவுக்குக் கிடைக்கிற சூடு எனக்குக் கிடைப்பதில்லை. காரை விற்றுவிட்டேன், நடந்தால் உடம்புக்கு நல்லதுதானே. ஆபீஸிலும் இப்போது வேலை குறைவு, அவசரம் ஒன்றுமில்லை.

கீழ்வீட்டுப் பாட்டி அப்படியேதான் இருக்கிறார். எண்பது வயதில் விடியற்காலை ஐந்து மணிக்குப் பனி அள்ளுகிறார். நான் மண்வெட்டியோடு இறங்கினால் எனக்கு அள்ளத் தெரியவில்லை என்று பிடுங்கிக்கொள்கிறார். இந்த ஊர்க் கார் நம்பர் பிளேட்டில் 'அரசியலமைப்பு மாநிலம்' என்று போட்டிருக்கும். அது ஏன் என்று ஒருநாள் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டேன். அன்று பிடித்த பாடம் இன்னும் முடியவில்லை. உங்களுக்கு ஏற்ற ஆள்.

இங்கிலாந்து ராஜாவோடு சண்டை போட்டுப் பிரிந்த அமெரிக்கர்கள் அந்த ராஜா ஊர்ச் சட்டத்தை ஏன் வைத்துக்கொண்டார்கள் என்று கேட்டிருந்தீர்கள். சித்தப்பா பாகம் பிரிந்தபோது தாத்தா வெட்டிய கிணறு வேண்டாம் என்றா சொன்னார்? தன் பங்கு குறைகிறது என்றுதானே சண்டை. இங்கேயும் அதே கதை. இங்கிலாந்தில் இருப்பவனுக்கு உள்ள உரிமை கடல் தாண்டி வந்த எங்களுக்கு ஏன் இல்லை, எங்கள் பிரதிநிதி உட்காராத பார்லிமென்ட் எங்களுக்கு எப்படி வரி போடலாம் என்பதுதான் வழக்கு. நீங்கள் எங்களை மனப்பாடம் செய்யவைத்த 1215 மாக்னா கார்ட்டா, ராஜாவின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய அந்தச் சாசனம், அவர்களுக்குத் தாத்தா சொத்து. 1689-ல் இங்கிலாந்து பார்லிமென்ட் எழுதிய உரிமைச் சட்டத்தில் அளவுக்கு மீறிய ஜாமீன் கேட்கக் கூடாது, கொடூரத் தண்டனை கூடாது என்று ஒரு வரி உண்டு. 1791-ல் அமெரிக்க அரசியலமைப்பின் எட்டாவது திருத்தத்தில் அந்த வரி ஏறக்குறைய அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

பாட்டிக்குப் பெருமை 1639. ஹார்ட்ஃபோர்டு, வின்ட்சர், வெதர்ஸ்ஃபீல்டு என்று மூன்று ஊர்க்காரர்கள் கூடி, கவர்னரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விதி எழுதிக்கொண்டார்கள். நம்பர் பிளேட் வாசகம் அதனால்தான். ஒருவரே அடுத்தடுத்த வருஷம் கவர்னராகக் கூடாதாம். ராஜா பெயரே அதில் கிடையாது. (அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1637-ல், பீக்வாட் என்ற பூர்வகுடி மக்களின் குடியிருப்பைத் தீ வைத்துக் கொளுத்தியதும் இதே ஊர்க்காரர்கள்தான். நான் அதைக் கேட்டபோது பாட்டி மறுக்கவில்லை.) அதே 1639-ல்தான் நம்ம மெட்ராஸில் கம்பெனிக்காரன் கோட்டைக்கு இடம் வாங்கினான்.

1662-ல் ராஜா இரண்டாம் சார்லஸே இவர்கள் தங்களைத் தாங்களே ஆளலாம் என்று சாசனம் கொடுத்தார். அடுத்து வந்த ஜேம்ஸ் அதைத் திரும்ப வாங்கப் பார்த்தார். 1687-ல் அவர் ஆள் ஆண்ட்ரோஸ் ஹார்ட்ஃபோர்டுக்கே வந்துவிட்டார். மேஜை மேல் சாசனம், சுற்றிலும் மெழுகுவத்தி. சட்டென்று எல்லாம் அணைந்தன. திரும்ப ஏற்றிப் பார்த்தால் சாசனத்தைக் காணோம். ஓக் மரப் பொந்துக்குள் போய்விட்டது. ஊரில் சொல்லும் கதை இது. அடுத்த வருஷமே ஜேம்ஸ் நாட்டைவிட்டு ஓட, இவர்கள் பழைய ஆட்சியையே தொடர்ந்தார்கள். மரம் 1856 புயலில் விழுந்தது. ராஜாவை உதறிய பிறகும் அந்தச் சார்லஸ் ராஜா கொடுத்த சாசனத்தை வைத்தே 1818 வரை மாநிலத்தை நடத்தினார்கள் என்றால் பாருங்கள்.

போன வாரம் பனிப்புயலில் இங்கே கரண்ட் போனது. அந்த இருட்டில் 'அம்மா, விளக்கு' என்று வாய்விட்டுக் கூப்பிட்டுவிட்டேன். கூப்பிட்ட பிறகுதான் எங்கே இருக்கிறேன் என்று உறைத்தது. நம் வயல் மோட்டார் சத்தம் கேட்டால் தூங்கிவிடுவேன் என்று தோன்றியது. இதை அம்மாவிடம் படித்துக் காட்ட வேண்டாம்.

செல்வி கல்யாணத்துக்கு என் பேப்பர் வந்துவிடும் என்றுதான் நினைக்கிறேன். புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறேன்; அது கைக்கு வராமல் கிளம்பக் கூடாதாம். தேதியை எனக்காகத் தள்ள வேண்டாம். மண்டபத்துக்கு முன்பணம் சித்திரையில் அனுப்புகிறேன், அதுவரை பெரியத்தையிடம் கேட்டுப் பாருங்கள்.

முக்கியமான விஷயம். சித்தப்பா மூலப்பத்திரத்தைச் சும்மா பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று கேட்கிறாராமே. கொடுக்காதீர்கள். ஜெராக்ஸ் போதும். சர்வேயர் வரும்போது நீங்களே கையில் எடுத்துப் போங்கள், வரப்புக் கல்லை ஊன்றும்வரை அங்கேயே நில்லுங்கள். அம்மா அதை அரிசிப் பானைக்குள் வைத்திருப்பதாகச் செல்வி சொன்னாள். பூச்சி அரித்துவிடும், பீரோவில் வைத்துச் சாவியை உங்கள் இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் கண் ஆபரேஷன் தேதி முடிவானதும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகன்
குமார்