ஒரு தாடைக் கட்டியும் என் தலைகுனிவும்

அன்புள்ள செல்வம்,

உன் நோயாளியின் தாடைக் கட்டியைப் பற்றிக் கேட்டு நீ எழுதிய கடிதம் வந்து பத்து நாளாகிறது. தாமதத்துக்குத் திட்டாதே.

நீ அனுப்பிய ஓபிஜி படத்தை, அதுதான் தாடை முழுவதையும் காட்டுகிற எக்ஸ்ரேயை, பார்த்தேன். பல்லும் எலும்பும் சுத்தம். ஆனால் தாடைக் கோணத்தில் கைக்குத் தட்டுப்படுகிற மெத்தென்ற கட்டி அதில் தெரியாது. முதலில் அல்ட்ராசவுண்ட் எடுக்கச் சொல். கட்டி தோலுக்கடியிலா, மாசெட்டர் என்கிற மெல்லும் தசைக்குள்ளா, காதோரம் இருக்கிற பரோடிட் என்கிற உமிழ்நீர்ச் சுரப்பியிலா என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

கொழுப்புக் கட்டி என்றால் அல்ட்ராசவுண்டில் தோலுக்கு இணையாகப் படுத்த நீள்வட்டம், உள்ளே மெல்லிய வெள்ளைக் கோடுகள். பரோடிட்டில் அதிகம் வருகிற ப்ளியோமார்ஃபிக் அடினோமா என்கிற புற்றல்லாத கட்டி கறுத்து, விளிம்பு மேடும் பள்ளமுமாக இருக்கும். சுரப்பியின் ஆழப் பகுதியைத் தாடை எலும்பின் நிழல் மறைத்துவிடும், அங்கே எம்ஆர்ஐதான். முக நரம்பு சுரப்பியின் ஊடே ஓடுவதால், கட்டி நரம்புக்கு மேலா கீழா என்றுதான் சர்ஜன் முதலில் கேட்பார். நரம்பு படத்தில் சரியாகத் தெரியாது. பக்கத்துச் சிரையை வைத்துக் குத்துமதிப்பாகச் சொல்கிறோம்.

சரி, என் கதைக்கு வருகிறேன். போன மாதம் ஒரு இளம்பெண், கன்னத்தில் கட்டி. படுக்கவைத்துப் பார்த்தேன். ரத்த ஓட்டத்தைக் காட்டுகிற டாப்ளரில் ஓட்டமே இல்லை. கொழுப்புக் கட்டி என்று எழுதப் போனேன். ஜெல்லைத் துடைத்துக்கொண்டே அவர் சொன்னார்: "ஷூ லேஸ் கட்டக் குனிஞ்சா கன்னம் கனக்குது டாக்டர்."

எனக்குச் சுருக்கென்றது. உட்காரவைத்துத் தலையைத் தொங்கப்போடச் சொன்னேன். கட்டி புடைத்தது! மாசெட்டருக்குள் கறுப்புக் கறுப்பாகக் குழிகள். அல்ட்ராசவுண்ட் புரோபால் அழுத்தினால் சுருங்கின, விட்டால் மெல்ல நிறைந்தன. ஓரத்தில் மிளகளவு கல் ஒன்று, பின்னால் அதன் நிழல். ஃபிளெபோலித், சிரைக்குள் உருவாகிற கல். அப்படியானால் இது வீனஸ் மால்ஃபார்மேஷன், பிறவியிலேயே தாறுமாறாக அமைந்த சிரைகளின் திரள்! ரத்தம் ஊர்ந்து போனதால் டாப்ளருக்கு அகப்படவில்லை, அவ்வளவுதான். பிறகு எம்ஆர்ஐயில் கொழுப்பை அடக்கி எடுத்த டி2 படத்திலும் (நீர்ச்சத்து வெளுப்பாகத் தெரிகிற வகை) வெள்ளைவெளேரென்று நின்றது. கொழுப்பாக இருந்தால் கறுத்திருக்கும். கேட்க வேண்டிய கேள்வியை நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னார். அதுதான் உறுத்துகிறது.

அதனால் சோதனைக்காகக் கட்டியில் ஊசி போடுவதற்கு முன் உன் நோயாளியையும் குனியச் சொல்லிப் பார். புகைபிடிப்பவரா என்றும் கேள். புகைபிடிப்பவர்களுக்கு பரோடிட்டில் அதிகம் வருகிற வார்தின் கட்டியாக இருந்தால் மறுபக்கமும் இருக்கலாம். வேகமாக வளர்ந்தாலோ, முகம் ஒரு பக்கம் தொய்ந்தாலோ காத்திருக்காதே.

அப்புறம், உன் கழுத்து வலி எப்படி இருக்கிறது? பல் பார்க்கிற நாற்காலி மேல் குனிந்தே இருபது வருடம் ஓட்டிவிட்டாய். நீயும் ஒரு படம் எடுத்து அனுப்பு, பார்க்கிறேன்.

அன்புடன்,
ரகு