கல்லுக்கு அடியில் ஒரு கணக்கு

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். முழங்கால் வலி தேவலையா? ஓய்வு பெற்ற பிறகும் ஆற்றில் என்ன வேலை என்று கேட்டிருந்தீர்கள். புழு பொறுக்குகிறேன். கல்லுக்கு அடியில் எந்தப் பூச்சி வாழ்கிறது என்று பார்த்தால் ஆறு எவ்வளவு சுத்தம் என்று கணக்குப் போடலாம்.

சென்ற வாரம் கல்லூரிப் பிள்ளைகள் நால்வரோடு தாமிரபரணிக்கு, பாபநாசம் போயிருந்தேன். ஒருவன் வலையின் வாயை நீரோட்டத்தை நோக்கிப் பிடிக்க, இன்னொருவன் அதற்கு முன்னால் நின்று மூன்று நிமிடம் காலால் கற்களைக் கிளற வேண்டும். முதலில் மாட்டியது ஒரு பழைய வேட்டி! பரிகாரம் என்று ஆற்றில் விட்டுப்போகிறார்களே, அதுதான். அதை எறிந்துவிட்டு மிச்சத்தை வெள்ளைத் தட்டில் கொட்டினால் ஒரே நெளிசல். எல்லாம் இறக்கை முளைக்குமுன் நீரில் வளரும் பூச்சிக் குஞ்சுகள். வாலில் இரண்டு இழைகளோடு ஸ்டோன்ஃபிளை, மூன்று இழைகளோடு மேஃபிளை, மணலை ஒட்டிக் கூடு கட்டிய கேடிஸ்ஃபிளைப் புழு. சின்ன வயதில் குளிக்கும்போது அந்தக் கூட்டைத் தூசி என்று தட்டிவிடுவோமே, அதேதான்.

மறுநாள் திருநெல்வேலிக்குக் கீழே, சாக்கடை கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில். அங்கும் கல்பாங்கான இடமாகத் தேடிப்பிடித்தேன். கல்லையும் சேற்றையும் ஒப்பிட்டால் கணக்கு பொய்யாகிவிடும். தட்டில் பெரும்பாலும் சிவப்புப் புழு. மீன்தொட்டிக் கடையில் ரத்தப்புழு என்று விற்பார்களே, அந்த இனம். உடலில் ஹீமோகுளோபின் இருப்பதால் பிராணவாயு குறைந்த நீரிலும் பிழைத்துக்கொள்கிறது. ஸ்டோன்ஃபிளைக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

பிரிட்டனில் 1970களில் ஒரு மதிப்பெண் பட்டியல் போட்டார்கள். அசுத்தத்தைத் தாங்காத பூச்சிக்கு அதிக மதிப்பெண், தாங்குவதற்குக் குறைவு. பெரும்பாலான ஸ்டோன்ஃபிளைக் குடும்பங்களுக்கு 10, இந்தச் சிவப்புப் புழுவின் குடும்பத்துக்கு 2. நம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் அதை இந்திய ஆறுகளுக்கு ஏற்பத் திருத்தி வைத்திருக்கிறது. எனக்கு வெறும் மதிப்பெண்ணில் அத்தனை நம்பிக்கை இல்லை. 2023 டிசம்பர் வெள்ளம்போல ஒன்று வந்தால் கற்களே உருண்டுவிடும். அப்போது தட்டு காலியாக இருந்தால் சாக்கடையைக் குறை சொல்ல முடியுமா?

ஆனாலும் சோதனைக்கென்று பாட்டிலில் பிடித்த தண்ணீர் பிடித்த நேரத்துக்குத்தான் பதில் சொல்லும். இரவில் கழிவைத் திறந்துவிட்டு விடியுமுன் அடைத்துவிட்டால் அதற்கு எப்படித் தெரியும்? மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கிற பூச்சியல்லவா தப்ப முடியாமல் சாகிறது.

மழை ஓய்ந்து தையில் மறுபடி போகிறோம். நீங்களும் வாருங்கள். தண்ணீரில் இறங்க வேண்டாம், கரையில் உட்கார்ந்து தட்டில் எண்ணினால் போதும். கண்ணாடியை மறக்க வேண்டாம். மதினியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய பெஞ்சுத் தோழன்