இரும்பு மரத்தைவிடக் குளிர்ந்ததா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரச் சிறுவர் பக்கத்தில், ஒரே அறையில் இருந்தாலும் இரும்பின் வெப்பநிலை மரத்தைவிடக் குறைவு, அதனால்தான் தொட்டால் சில்லென்கிறது என்று எழுதியிருந்தார்கள். இது தவறு. பல ஆண்டுகள் இயற்பியல் நடத்தியவள் நான். இந்த எண்ணம் பிள்ளைகள் மனதில் ஒருமுறை பதிந்துவிட்டால் மாற்றுவது பெரும்பாடு.

இரவு முழுக்க ஒரே அறையில் கிடந்த இரும்புக் கம்பியும் மரக்கட்டையும் காலையில் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கும். அறை 25 டிகிரி செல்சியஸ் என்றால் அவையும் 25. இதுதான் வெப்பச் சமநிலை. அந்தச் சமநிலைக்கு வராதது நம் கை மட்டுமே. தோலின் வெப்பநிலை ஏறக்குறைய 33 டிகிரி இருப்பதால், எதைத் தொட்டாலும் கையிலிருந்து வெப்பம் வெளியேறுகிறது. இரும்பு மரத்தைவிடப் பல நூறு மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். வாங்கியதை உடனே உள்ளே அனுப்பிவிட்டு மேலும் மேலும் வாங்கிக்கொள்ளும். மரத்தில் தொட்ட இடம் மட்டும் சட்டென்று சூடாகிவிடும், அப்புறம் கை இழப்பது குறைந்துவிடும். தன் தோல் எவ்வளவு விரைவாகக் குளிர்கிறது என்பதைத்தான் கை சொல்கிறது. பொருளின் வெப்பநிலையை அல்ல. அறையே 50 டிகிரி இருந்தால் அதே இரும்புதான் அதிகமாகச் சுடும்.

சோதித்துப் பார்ப்பது எளிது. தடித்த அலுமினியத் தகட்டில் ஒரு பனிக்கட்டி, மரப்பலகையில் ஒன்று. சில்லென்றிருக்கும் அலுமினியத்தின் மேல் உள்ளதுதான் முதலில் உருகும்!

அதே குறிப்பில், சம எடையுள்ள சூடான பொருளும் குளிர்ந்த பொருளும் சேர்ந்தால் சரிபாதி வெப்பநிலைக்கு வரும் என்றும் இருந்தது. ஒரே வகைப் பொருளுக்கு அது சரி. ஆனால் 100 டிகிரி இரும்பு ஒரு கிலோவை 20 டிகிரி தண்ணீர் ஒரு கிலோவில் போட்டால், வெளியே வெப்பம் கசியாவிட்டாலும் 60 டிகிரி வராது, சுமார் 28 தான் வரும். ஒரு டிகிரி சூடேறத் தண்ணீருக்கு இரும்பைப்போல் ஏறத்தாழ 9 மடங்கு வெப்பம் வேண்டும். வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு என்பதை ஸ்காட்லாந்து அறிவியலாளர் ஜோசப் பிளாக் 18-ஆம் நூற்றாண்டிலேயே தெளிவாக்கிவிட்டார்.

தயவுசெய்து சிறுவர் பக்கத்திலேயே திருத்தம் வெளியிடுங்கள். பனிக்கட்டிச் சோதனையையும் சேருங்கள். ஆனால் விடையை அடுத்த வாரம் போடுங்கள். எது முதலில் உருகும் என்று பிள்ளைகளே ஊகித்துவிட்டுச் செய்து பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை