ஐந்து மீட்டர் வம்சாவளி

அன்புள்ள முருகேசா,

நீ அனுப்பிய படம் வந்தது. மணிவிழா மண்டபத்தில் ஒட்டுவதற்காக, பூட்டனாரிலிருந்து பேரன் வரைக்கும் சார்ட் பேப்பரில் கோடு போட்டிருக்கிறாய். கையெழுத்து இன்னும் அப்படியே இருக்கிறது. அதில் ஒன்று சொல்ல வேண்டும். அதற்கு முன் இங்கே பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் மகள் வீட்டில் இருக்கிறேன். இந்த ஊர் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் 15-ஆம் நூற்றாண்டின் தோல் சுருள் ஒன்று இருக்கிறது. இங்கிலாந்து ராஜாக்களின் வம்சாவளி, லத்தீனில், 5 மீட்டர் நீளம். இங்கிருந்த ஒரு குடும்பத்திடம் 1918-இல் வாங்கினார்களாம். மாப்பிள்ளை அதன் படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து கொடுத்தார். பார்க்கப் பார்க்க நீண்டுகொண்டே போகிறது. காபி ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை.

வட்டத்துக்குள் பெயர், வட்டத்துக்கு வட்டம் கோடு. நோவாவில் ஆரம்பிக்கிறது! அப்புறம் பழைய டிராய் நகரத்து வழியில் வந்து பிரிட்டனுக்குத் தன் பெயரையே வைத்ததாக அவர்கள் நம்பிய புரூட்டஸ், பிறகு கதைகளில் வரும் ராஜா ஆர்தர், அதற்கும் பிறகுதான் நிஜ ராஜாக்கள். புராணம் முடிந்து சரித்திரம் தொடங்குகிற இடத்தில் கோடு கொஞ்சமும் தடுமாறவில்லை.

வேடிக்கை அதன் கீழ்ப்பகுதியில். லங்காஸ்டர், யார்க் என்று ராஜ குடும்பத்தின் இரண்டு கிளைகள் பட்டத்துக்குச் சண்டை போட்டன. முதலில் எழுதியவர் லங்காஸ்டர் பக்கத்து ஆள். அப்போது ஆறாம் ஹென்றி சிறுபையன். அவனுடைய தாத்தா நான்காம் ஹென்றி, 1399-இல் இரண்டாம் ரிச்சர்டை இறக்கிவிட்டுப் பட்டத்துக்கு வந்தவர். அப்படி வந்த குடும்பத்துக்கு இந்தக் கோடெல்லாம் தேவைப்படாதா? 1461-இல் யார்க் குடும்பத்து நான்காம் எட்வர்ட் ராஜாவானார். மூன்றாம் எட்வர்டின் பிள்ளைகளில் ஹென்றிகள் வந்தது ஜான் வழி. ஜானுக்கு மூத்தவர் லயனல். லயனலுக்கு ஒரே மகள். அவள் வழியில் வந்த எங்களுக்குத்தான் உரிமை என்பது யார்க் பக்கத்து வாதம். சுத்தமான பங்காளிச் சண்டை! யார்க் பக்கத்து ஆள் ஒருவர் பிற்பாடு என்ன செய்தார் தெரியுமா? புதுச் சுருள் எழுதவில்லை. அதே சுருளில் கைவைத்துத் தங்கள் வழியைச் சேர்த்து, முன்னவர் எழுதியதையும் திருத்திவிட்டார். பட்டாவில் பெயர் மாற்றுகிற மாதிரி. சமீபத்தில் விசேஷ கேமராக்களை வைத்துக்கூட அந்தச் சுருளை ஆராய்ந்திருக்கிறார்கள்.

சரி, உன் சார்ட்டுக்கு வருகிறேன். உன் அப்பாவுக்குப் பக்கத்தில் சித்தப்பா எங்கேடா? கிணற்றுப் பங்கு வழக்கு எனக்குத் தெரியாதா. நமக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது அவர்தான், முழங்கால் தழும்பு இன்னும் இருக்கிறது. அத்தைகள் இரண்டு பேரையும் காணோம்.

வலது ஓரத்தில் இடம் விட்டிருக்கிறாய், பார்த்தேன். நான் ஊருக்கு வருவதற்குள் மூன்று வட்டம் போட்டு வை. இல்லாவிட்டால் மண்டபத்துக்குப் பேனாவோடு வருவேன்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன்,
சேகர்